யோகோசுகாவில் மூன்று ஆண்டுகள்

யோகோசுகா கடற்படைத் தளத்துக்குள் எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வீடு ஓர் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது தளத்தில் இருந்தது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் கப்பல் பழுதுபார்க்கும் துறையின் பாரந்தூக்கிகளும், அவற்றுக்கு அப்பால் டோக்கியோ விரிகுடாவின் சாம்பல் நிற நீரும் தெரியும். என் கணவர் அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பல் ஒன்றில் கேஸ் டர்பைன் எஞ்சின்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். 2015 கோடையில் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்து 2018 கோடையில் திரும்பினோம். அவர் வீட்டில் தூங்கிய இரவுகளைச் சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். மூன்று ஆண்டுகளிலும் அந்தக் குறிகள் பாதி நாட்களைக்கூட எட்டவில்லை.

அப்படியிருந்தும், கப்பலோடு குடும்பத்தையும் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே குடியமர்த்தும் அந்த ஏற்பாடு எங்களுக்கு நல்லதாகவே அமைந்தது என்று இன்றும் சொல்வேன். அதற்கு முன்பு, கப்பல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்ட காலத்தில், ஒரே மூச்சில் ஏழெட்டு மாதம் பிரிந்திருந்தோம். யோகோசுகாவில் பிரிவு மூன்று வாரம், ஆறு வாரம், இரண்டரை மாதம் என்று துண்டுதுண்டாக வந்தது. நடுவில் அவர் வீட்டுக்கு வந்து மகனின் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வெளிநாட்டுத் தளங்களில் குடும்பங்களைத் தங்க வைப்பது ராணுவம் தன் ஆட்களுக்குக் காட்டும் பரிவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கப்பல்களை எவ்வளவு காலம் எங்கே நிறுத்தலாம் என்ற கணக்கிலிருந்து பிறந்த முடிவு. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வாழ்க்கையின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் எனக்குப் புரிந்தன.

கணக்கு தூரத்திலிருந்து தொடங்குகிறது. சான் டியேகோவிலிருந்து மேற்குப் பசிபிக்குக்கு ஒரு போர்க்கப்பல் வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். திரும்பிப் போகவும் அவ்வளவே ஆகும். அந்தக் கடற்பரப்பில் எப்போதும் ஒரு கப்பல் இருக்க வேண்டுமென்றால், ஒன்று பணியில் இருக்கும்போது இன்னொன்று பயணத்திலும், வேறொன்று பயிற்சியிலும், மற்றொன்று பழுதுபார்ப்பிலும் இருந்தாக வேண்டும். கப்பலையே அங்கே குடியமர்த்திவிட்டால் அந்தச் சங்கிலி சுருங்கிவிடுகிறது. ஸ்பெயின் நாட்டின் ரோத்தா துறைமுகத்தில் 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் நான்கு நாசகாரிகள் நிரந்தரமாக நிறுத்தப்பட்டன. இந்த நான்கும் செய்யும் வேலையை அமெரிக்கக் கரையிலிருந்து செய்ய ஏறத்தாழ பத்துக் கப்பல்கள் வேண்டியிருக்கும் என்பது கடற்படை அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. 2023இல் அந்த எண்ணிக்கையை ஆறாக உயர்த்த ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. ரோத்தா தளத்தில் ஸ்பெயின் கொடிதான் பறக்கிறது. தளத்துக்குத் தலைவர் ஸ்பானிய அட்மிரல். அமெரிக்கர்கள் 1953ஆம் ஆண்டின் மாட்ரிட் ஒப்பந்தத்தின் வழியாக அங்கே வந்தவர்கள்.

கப்பலைத் தொலைவில் குடியமர்த்தினால் அதற்கு வேண்டியதெல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். நாசகாரி போன்ற கப்பல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை நடுக்கடலில் எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக ஒரே வேகத்தில் ஓட, நடுவே குழாய் தொங்க, அலை இரண்டையும் தூக்கிப் போடும் அந்தக் காட்சியைக் கணவர் எத்தனையோ முறை விவரித்திருக்கிறார். ஆனால் எண்ணெய் கொண்டுவரும் அந்தக் கப்பல் எங்கே நிரப்பிக்கொண்டு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது ஜப்பானின் சசேபோ போன்ற துறைமுகங்களில் இருக்கும் பெரிய எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து வருகிறது. உணவும் உதிரிப்பாகமும் அஞ்சலும் இப்படித்தான் கிடங்கிலிருந்து கப்பலுக்கும், அதிலிருந்து இன்னொரு கப்பலுக்கும் கைமாறிப் போகின்றன. ஏவுகணை மட்டும் இந்த வழிக்கு எளிதில் உட்படுவதில்லை. கப்பலின் மேல்தளத்தினுள் செங்குத்தாகப் பதித்த ஏவுகுழல்களில் ஏவுகணைப் பெட்டியை இறக்க அலையில்லாத நீரும் உறுதியான பாரந்தூக்கியும் வேண்டும். கடலிலேயே அதைச் செய்து காட்டும் சோதனை ஒன்றை அமெரிக்கக் கடற்படை 2024 அக்டோபரில்தான் நடத்தியது. ஆகவே ஏவுகணை தீர்ந்த கப்பல் சண்டை நடக்கும் இடத்தைவிட்டு ஏதாவது ஒரு துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். அந்தத் துறைமுகம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே அந்தக் கப்பல் எத்தனை நாளில் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது உலர்துறை. கப்பலை உள்ளே விட்டு, வாயிலை அடைத்து, நீரை இறைத்து, அடிப்பாகம் வரை காயவிட்டு வேலை செய்யும் இடம் அது. யோகோசுகாவுக்கு அமெரிக்கர்கள் கொடுக்கும் மதிப்பில் பெரும்பகுதி அங்குள்ள ஆறு உலர்துறைகளுக்கே உரியது என்று நான் நம்புகிறேன். முதல் உலர்துறை பிரெஞ்சுப் பொறியாளர் லியோன்ஸ் வெர்னியின் மேற்பார்வையில் 1871இல் கட்டி முடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய அந்தத் துறை இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆறாவது 1940இல் முடிந்தது. ஜப்பானியப் பேரரசுக் கடற்படையின் ஷினானோ என்ற பிரம்மாண்டமான விமானந்தாங்கி அங்கேதான் கட்டப்பட்டது. 1945 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கப் படைகள் இந்தத் தளத்தை எடுத்துக்கொண்டபோது, எதிரியின் கைப்பட்ட கல்லும் இரும்பும் அப்படியே அவர்களுக்குக் கிடைத்தன.

அமெரிக்கச் சட்டம் ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட கடற்படைக் கப்பலை வெளிநாட்டுக் கப்பல்துறையில் பெரிய பராமரிப்புக்கு விட முடியாது. பயணத்தில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்வது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வெளிநாட்டையே தாய்த்துறைமுகமாகக் கொண்ட கப்பலுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே யோகோசுகாவின் கப்பலை யோகோசுகாவின் கைகளே பிரித்துப் பூட்டுகின்றன. அந்தக் கைகள் பெரும்பாலும் ஜப்பானியர்களின் கைகள். நாடு முழுவதும் உள்ள அமெரிக்கத் தளங்களில் சுமார் 25,000 ஜப்பானியர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களை வேலைக்கு அமர்த்துவது ஜப்பானிய அரசு; சம்பளத்தின் பெரும்பங்கை ஏற்பதும் அதுவே. 1978இல் தொடங்கிய இந்தச் செலவை அங்கே 'பரிவு வரவுசெலவு' என்ற பொருள்படும் ஒரு சொல்லால் நெடுங்காலம் அழைத்துவந்தார்கள்.

அப்படி வேலை செய்த ஒருவரை எனக்குத் தெரியும். கப்பல்துறைப் பணியாளர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தன்னார்வ வகுப்பில் வாரம் ஒருநாள் அவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அவர் வெல்டர். அவருடைய அப்பாவும் அதே துறையில், முதலில் பேரரசுக் கடற்படைக்காகவும் பிறகு அமெரிக்கர்களுக்காகவும் வேலை செய்தவர். தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் ஒன்றில் அவர் என்னையும் மகனையும் முதல் உலர்துறையின் விளிம்புக்குக் கூட்டிப் போனார். படிப்படியாக உள்ளே இறங்கும் கற்களைக் காட்டினார். ஓரங்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. ஒரு கல்லின் மூலையில் உள்ளங்கையை வைத்து, இதற்கு மேல் வைத்த கற்கள் இன்னும் அசையவில்லை என்று சொன்னார். எந்தக் கொடியைப் பற்றியும் அவர் பேசவில்லை. கப்பலின் அடியில் துரு எங்கே முதலில் பிடிக்கும் என்பதைத்தான் என் மகனுக்கு வெகு நேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

இனிக் குடும்பங்களைப் பற்றி. 1970இல் கடற்படைத் தலைவராகப் பொறுப்பேற்ற அட்மிரல் எல்மோ சும்வால்ட் அந்தப் பதவிக்கு வந்தவர்களிலேயே இளையவர். வியட்நாம் போரின் கடைசி ஆண்டுகள் அவை; கப்பல்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது, பணிக்காலம் முடிந்த மாலுமிகள் மறுபடி ஒப்பந்தம் போடாமல் வெளியேறிக்கொண்டிருந்தார்கள், ஆனால் கடற்படை நிற்க வேண்டிய கடல்கள் குறையவில்லை. இந்த இரண்டு சிக்கலுக்கும் அவர் கண்ட ஒரே விடை கப்பல்களைக் குடும்பங்களோடு வெளிநாட்டில் குடியமர்த்துவது. குறைந்த கப்பல்களைக் கொண்டு அதிக நாட்கள் கடலில் நிற்கலாம். மாலுமிக்கும் வீடு பக்கத்தில் இருக்கும். 1972இல் கிரீஸின் ஏதென்ஸில் ஒரு நாசகாரிப் படைப்பிரிவு குடும்பங்களோடு வந்து இறங்கியது. 1973 அக்டோபர் 5 அன்று விமானந்தாங்கி மிட்வே யோகோசுகாவுக்கு வந்தது. வெளிநாட்டில் குடும்பங்களோடு நிலைகொண்ட முதல் அமெரிக்க விமானந்தாங்கி அதுதான்.

ஒரே சிந்தனையில் பிறந்த இந்த இரண்டு முயற்சிகளில் ஒன்று மூன்றே ஆண்டில் முடிந்தது, மற்றொன்று இன்றுவரை தொடர்கிறது. ஏதென்ஸில் அப்போது ராணுவ ஆட்சி நடந்தது. அமெரிக்கக் கப்பல்கள் அங்கே குடிவந்ததை அந்த ஆட்சிக்குக் கொடுத்த ஆதரவாகவே கிரேக்க மக்கள் பார்த்தார்கள். 1974இல் சைப்ரஸ் நெருக்கடியோடு ஆட்சி கவிழ்ந்தபோது கோபம் தளத்தின் மேலும் திரும்பியது. 1975இல் ஏற்பாடு கைவிடப்பட்டது. யோகோசுகாவிலும் எதிர்ப்பு இருந்தது, இருந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் அங்கே உலர்துறை இருந்தது, தலைமுறையாகத் தொழில் தெரிந்த கைகள் இருந்தன, தேர்தலில் வந்த அரசு இருந்தது. மிட்வேக்குப் பிறகு இண்டிபெண்டன்ஸ், கிட்டி ஹாக், ஜார்ஜ் வாஷிங்டன், ரொனால்ட் ரேகன் என்று கப்பல்கள் மாறி மாறி வந்தன. 2008இல் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் அணுசக்தியில் ஓடுவது. நாகசாகியும் ஹிரோஷிமாவும் இருக்கும் நாட்டில் அதற்கு எழுந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். 2024 நவம்பரில் அதே கப்பல் மீண்டும் யோகோசுகாவுக்குத் திரும்பியது.

சும்வால்ட் செய்த இன்னொரு காரியம் அவ்வளவு பேசப்படாதது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் நெருக்கமானது. 1970 செப்டம்பரில் அவர் அனுப்பிய 24ஆம் எண் சுற்றறிக்கை, ஒவ்வொரு படைப்பிரிவிலும் மனைவிமார்களின் சார்பாகத் தளபதியிடம் நேரடியாகப் பேசும் ஒருவரை நியமிக்கச் சொன்னது. இன்று அவரை 'ஆம்பட்ஸ்மேன்' என்று அழைக்கிறோம். சம்பளமில்லாத பொறுப்பு அது. பெரும்பாலும் கப்பலில் இருக்கும் யாராவது ஒருவரின் மனைவியோ கணவரோ ஏற்றுக்கொள்வார். எங்கள் கப்பலின் ஆம்பட்ஸ்மேனாக இருந்த பெண், கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்ல அனுமதி இல்லாத நாட்களில்கூட, 'அஞ்சல் போய்ச் சேர்ந்துவிட்டது' என்று ஒரே ஒரு வரி அனுப்புவார். அந்த வரி வந்த மாலையில் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டெங்கும் பேச்சுச் சத்தம் கேட்கும்.

வெளிநாட்டுத் தளத்துக்குக் குடும்பம் போக முடியுமா என்பதை முடிவுசெய்வது மருத்துவச் சோதனை. ஒவ்வொருவருடைய உடல்நிலையையும், பிள்ளைகளின் கல்வித் தேவைகளையும் பார்த்து, அங்குள்ள மருத்துவமனையும் பள்ளியும் அவற்றுக்கு ஈடுகொடுக்குமா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே குடும்பத்துக்கு ஆணை வழங்குவார்கள். என் மகனுக்கு ஆஸ்துமா இருந்தது. இன்ஹேலரின் பெயர், கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம், இரவில் எத்தனை முறை இருமலால் விழிக்கிறான் என்று ஒவ்வொன்றையும் படிவத்தில் எழுதி, வாரக்கணக்கில் விடைக்காகக் காத்திருந்தேன். அவன் பெயருக்கு நேராக ஒரே ஒரு குறி மாறியிருந்தாலும் கணவர் மட்டும் போயிருப்பார். அந்த நாட்களில் எனக்கு இது கொடுமையாகத் தோன்றியது. போய்ச் சேர்ந்த பிறகு, மூச்சுத் திணறிய ஒரு குளிர்கால இரவில், அவனுக்கு வேண்டிய மருந்தும் அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் பத்து நிமிட நடை தூரத்தில் இருந்தபோது, அந்தப் படிவம் ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்பது புரிந்தது.

பள்ளிகளை நடத்துவது பாதுகாப்புத் துறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆக்கிரமிப்புப் படைகளோடு குடும்பங்களும் வந்தபோது, 1946இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தொடங்கிய பள்ளிகளின் தொடர்ச்சி அவை. எங்கள் மகன் படித்த தொடக்கப் பள்ளிக்கு சல்லிவன் சகோதரர்களின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. 1942 நவம்பரில் ஜூனோ என்ற கப்பல் மூழ்கியபோது ஒரே குடும்பத்தின் ஐந்து மகன்களும் இறந்தார்கள். அவர்கள்தான் அந்தச் சகோதரர்கள். ஏழு வயதுப் பிள்ளை பள்ளியின் பெயருக்குக் காரணம் கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. அவனுடைய வகுப்பில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் மாறினார்கள். ஆசிரியைகள் அதற்குப் பழகியிருந்தார்கள். நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு முதல் நாளே ஒரு துணையைச் சேர்த்துவிடுவார்கள், அந்தத் துணை கழிப்பறையிலிருந்து நூலகம் வரை எல்லாவற்றையும் காட்டும். பெரும்பாலான பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ கடலில் இருந்ததால், 'அப்பா எப்போது வருவார்' என்பது அங்கே கூச்சப்பட வேண்டிய கேள்வியாக இல்லை. அமெரிக்காவில் ஒரு சாதாரணப் பள்ளியில் இது கிடைத்திருக்காது.

வேலைதான் தீராத சிக்கல். என்னைப் போல் படித்துவிட்டுக் கணவரோடு வந்தவர்களுக்குத் தளத்துக்குள் இருக்கும் சில வேலைகளே கதி. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைத்தால்தான் அந்த வேலைக்கும் போக முடியும். காப்பகத்தில் வேலை செய்ய ஆள் கிடைத்தால்தான் அங்கே இடம் பெருகும். இந்த வட்டத்தை யாரும் இன்னும் முழுதாக உடைக்கவில்லை. ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் மனைவிக்கு வேலை கிடைக்காமல் அவர்கள் முன்கூட்டியே ஊர் திரும்பினால், கப்பலில் ஒரு பயிற்சி பெற்ற கை குறைகிறது. உலர்துறையின் நீரேற்றும் இயந்திரம் பழுதானால் அன்றே அட்மிரலுக்குத் தகவல் போகும். காப்பகத்தில் காத்திருப்போர் பட்டியல் நீண்டால் அது எந்த மேசைக்குப் போகிறது? இரண்டும் கப்பல் கடலுக்குப் போவதைப் பாதிக்கும் பழுதுகளே என்பதே என் வாதம்.

எல்லாத் தளமும் யோகோசுகா அல்ல. அமெரிக்காவின் ஆறாம் கப்பற்படையின் தலைமையிடமான இத்தாலியின் நேப்பிள்ஸில் குப்பை நெருக்கடி முற்றிய 2008இல், கடற்படையே குடிநீரையும் மண்ணையும் சோதிக்கும் பெரிய ஆய்வைத் தொடங்கியது. தளத்துக்கு வெளியே வாடகைக்குக் குடியிருந்த குடும்பங்கள் குழாய்நீரை விட்டு, குடிக்கவும் சமைக்கவும் பாட்டில் நீரைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தப்பட்டன. ஐந்தாம் கப்பற்படை இருக்கும் பஹ்ரைனிலிருந்து 2004இல் பாதுகாப்பு அச்சத்தால் குடும்பங்கள் வெளியேற உத்தரவிடப்பட்டது. 2025 ஜூனில் விரும்புவோர் வெளியேறலாம் என்று மறுபடி அனுமதி வந்தது.

குடும்பம் அருகில் இருப்பதன் மறுபக்கம் அது. கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவில் 1962 அக்டோபர் 22 அன்று, கியூப ஏவுகணை நெருக்கடியை அதிபர் கென்னடி நாட்டுக்கு அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்பாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அவசரமாகக் கட்டிய பைகளோடு கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். கணவர்கள் அங்கேயே இருந்தார்கள். டிசம்பரில்தான் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை வெடித்தபோது கிளார்க், சுபிக் ஆகிய அமெரிக்கத் தளங்களிலிருந்து சுமார் 20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பலருக்கு அதுவே அந்த நாட்டை விட்டுப் போன கடைசிப் பயணம், ஏனென்றால் அதே செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் தள ஒப்பந்தத்தை 12க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு யோகோசுகாவிலிருந்தே ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பராமரிப்பு முடியும் முன்பே துறைமுகத்தை விட்டு நகர்ந்தது.

எங்கள் வீட்டில் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு நீலக் கோப்பு தொங்கியது. கடவுச்சீட்டுகள், தடுப்பூசி அட்டைகள், மகனின் மருந்துச் சீட்டு, கணவர் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம், எங்களை வரவேற்கச் சம்மதித்த உறவினரின் முகவரி ஆகியவை அதில் இருந்தன. கப்பல் சண்டைக்குப் போகும் நாளும் நாங்கள் விமானம் ஏறும் நாளும் ஒரே நாளாக இருக்கலாம் என்பதை அந்தக் கோப்பு தினமும் நினைவூட்டியது. குடும்பம் பத்திரமாக இருக்கிறது என்று தெரியாத மாலுமியால் எஞ்சின் அறையில் மனம் ஊன்றி வேலை செய்ய முடியாது. குடும்பங்களை வெளியேற்றும் திட்டத்தைப் போர்த்திட்டத்தின் ஒரு பகுதியாகவே நான் பார்த்தேன். அப்படித்தான் அதைப் பயிற்சி செய்யவும் வேண்டும்.

2017 ஜூன் 17, சனிக்கிழமை. விடிவதற்கு முன், இசு தீபகற்பத்துக்கு அப்பால், யோகோசுகாவைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நாசகாரி மீது சரக்குக் கப்பல் ஒன்று மோதியது. அது எங்கள் கப்பல் அல்ல. ஆனால் எங்கள் கட்டடத்தில் அதன் குடும்பங்கள் இருந்தன. காலையில் லிப்டில் ஒரு பெண் கைபேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எந்தத் தளத்தின் பொத்தானையும் அழுத்தாமல் நின்றிருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. மாலையில் அந்தக் கப்பல் ஒரு பக்கம் நசுங்கி, சாய்ந்தபடி, இழுவைப் படகுகளின் துணையோடு துறைமுகத்துக்குள் வந்தது. அதில் காணாமற்போன ஏழு மாலுமிகளும் நீர் புகுந்த உறங்கும் அறைகளில் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற நாசகாரி எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதி பத்துப் பேர் இறந்தார்கள். அதுவும் யோகோசுகாவின் கப்பல்.

முன்னே சொன்ன கணக்கின் விலை அப்போது வெளியே வந்தது. அருகில் இருக்கும் கப்பலை அடிக்கடி கூப்பிடலாம் என்பதால் அடிக்கடி கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் கப்பல்களுக்குப் பயிற்சிக்கென்று ஒதுக்கிய மாதங்கள் உண்டு. ஜப்பானில் இருந்தவற்றுக்கு அப்படித் தனியாக ஒதுக்கிய காலம் இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2015இலேயே எழுதியிருந்தது. ஜப்பானை இருப்பிடமாகக் கொண்ட குரூசர், நாசகாரிக் கப்பல்களின் குழுவினர் பெற்றிருக்க வேண்டிய தகுதிச் சான்றிதழ்களில் 37 சதவீதம் 2017 ஜூன் நிலவரப்படி காலாவதியாகியிருந்தன என்று அதே அமைப்பு அந்தச் செப்டம்பரில் சாட்சியம் அளித்தது. மெக்கெய்ன் 1997 முதல் யோகோசுகாவில் இருந்தது. 2018இல், எந்தக் கப்பலும் வெளிநாட்டுத் துறைமுகத்தில் தொடர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலைகொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. கணவர் இரவில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு மறுபடி கப்பலுக்குப் போன நாட்களை என் நாட்காட்டியில் தேடிப் பார்த்தேன். அப்போது நான் அவற்றை 'வீட்டில் இருந்த இரவுகள்' என்றே குறித்திருந்தேன்.

தளத்தின் வேலிக்கு வெளியே இருப்பவர்களை விட்டுவிட்டு இதை எழுத எனக்கு மனமில்லை. யோகோசுகாவின் விமானந்தாங்கியிலிருந்து பறக்கும் விமானங்கள் நெடுங்காலம் அட்சுகி விமானத்தளத்தில் இறங்கின. நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே அந்த இரைச்சலைப் பொறுக்க முடியாமல் மக்கள் தலைமுறையாக வழக்காடினார்கள். 2018 மார்ச்சில் அந்த விமானப் படைப்பிரிவு இவாகுனிக்கு மாற்றப்பட்டு முடிந்தது. ஆனால் அந்த விமானங்கள் வேண்டாம் என்று இவாகுனி மக்கள் 2006 வாக்கெடுப்பில் பெரும்பான்மையாகச் சொல்லியிருந்தார்கள். அதே 2006 ஜனவரியில் யோகோசுகாவில் ஒரு ஜப்பானியப் பெண்ணைக் கிட்டி ஹாக் மாலுமி ஒருவர் கொன்றார்; ஜப்பானிய நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நாங்கள் போன நாளில் புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பில் இதைச் சொன்னார்கள். சொல்லியே ஆக வேண்டியது அது.

எனக்கு ஆறாத ஒன்று தியெகோ கார்சியா. இந்தியப் பெருங்கடலின் நடுவில் கப்பல்களும் விமானங்களும் எரிபொருளும் ஓய்வும் பெறும் முக்கியத் தளம் அது. கப்பல்களில் நிரப்பிய போர்ச்சரக்கு அதன் காயலில் காத்திருக்கிறது. அங்கே பணிபுரிவோர் குடும்பத்தைக் கூட்டிப் போக அனுமதி இல்லை. ஆனால் அந்தத் தீவில் குடும்பங்கள் இருந்தன. தலைமுறைகளாகத் தேங்காய்த் தோட்டங்களில் உழைத்து வாழ்ந்த சாகோஸ் மக்களை, அமெரிக்கத் தளத்துக்கு இடம் கொடுப்பதற்காகப் பிரிட்டன் 1971க்குள் தியெகோ கார்சியாவிலிருந்தும் 1973க்குள் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் அப்புறப்படுத்தி மொரிஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டது. ஒரு கப்பல் அங்கே நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் மிச்சமாகும் நாட்களுக்கு அவர்கள் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகனின் மூச்சுக்காக அத்தனை படிவங்களைக் கேட்ட அதே ஏற்பாடு, அவர்களிடம் எந்தப் படிவத்தையும் கேட்கவில்லை.

2018 மே மாதம், நாங்கள் கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது, புதிதாக வரும் ஒரு குடும்பத்துக்கு வழிகாட்டும் பொறுப்பு எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. எங்களுக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் அப்படித்தான் விமான நிலையப் பேருந்து நிற்கும் இடத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நின்றிருந்தார். வந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. அவருடைய கணவர் வந்த மூன்றாம் நாளே, கடலில் இருந்த கப்பலில் சேர்வதற்காக விமானம் ஏறிவிட்டார். கப்பலில் அனுப்பிய வீட்டுச் சாமான்கள் இன்னும் வரவில்லை. கடனாகக் கொடுத்த இரண்டு நாற்காலிகளும் ஒரு மேசையும்தான் அந்த வீட்டில் இருந்தன. மருத்துவமனைக்குப் போகும் வழியையும், ஆம்பட்ஸ்மேனின் எண்ணையும், குப்பையைப் பிரித்துப் போடும் நாட்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நீலக் கோப்பு ஒன்றை வாங்கிப் போய் வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். அதில் என்ன வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சன்னலருகே போய் நின்றார். கப்பல் திரும்பி வரும்போது இங்கிருந்து தெரியுமா என்று கேட்டார். இந்தச் சன்னலிலிருந்து பாரந்தூக்கிகள் மறைக்கும், கீழே இறங்கி இடது பக்கம் போனால் துறைமேடை முழுதும் தெரியும் என்று சொல்லி, குழந்தையை நான் வாங்கிக்கொண்டு, அவரை அந்த இடத்துக்கு அழைத்துப் போனேன்.